ஹாங்காங்கில் சியூ மேய்யும் டிம் சம்மும்: எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்று கேளுங்கள்

கேள்வி இது: "டிசம்பரில் நான், மனைவி, அம்மா மூவரும் நான்கு நாள் ஹாங்காங் போகிறோம். கடைக் கண்ணாடிக்குள் தொங்குகிற வறுத்த இறைச்சியும் மூங்கில் கூடையில் வருகிற டிம் சம்மும் ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற விதத்தில் சாப்பிட ஆசை. எந்தக் கடைக்குப் போவது, எப்படிக் கேட்பது? அம்மா கோழி, மீன், இறால் சாப்பிடுவார். பன்றியும் மாடும் தொட மாட்டார்."

அந்த ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கடைப் பெயர்கள் கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றைத் தருகிறேன், ஆனால் இந்த இரண்டு சாப்பாட்டிலும் கடையைவிட நேரம் பெரிது. மதியம் பதினொன்றரைக்கு ஏதோ ஒரு தெருமுனைக் கடையில் கிடைக்கிற பன்றி வறுவலும், மாலை மூன்றரைக்குப் பேர்பெற்ற கடையில் கிடைக்கிற பன்றி வறுவலும் ஒன்றல்ல. முதலாவதுதான் மேல்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போய்ச் சேர்ந்த முதல் வாரம், எல்லோரும் புகழ்ந்த ஒரு கடையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, பிற்பகல் மூன்றரை மணிக்கு உள்ளே போனேன். காலையில் அடுப்பிலிருந்து இறங்கிய கறி. தோல் ரப்பராக இழுத்தது, கொழுப்பு உறைந்து வெள்ளையாகத் தெரிந்தது. இதற்கா இத்தனை பேச்சு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு நாள் கழித்து, நான் தங்கியிருந்த கட்டடத்துக்குக் கீழே பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாத கடையில் பதினொன்றரைக்குச் சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது.

சரி, முதலில் வறுவல் கடை.

கண்ணாடிக்குள் கொக்கியில் தொங்குகிற அந்த வகைக்கு மொத்தமாகச் சியூ மேய் என்று பெயர். டிம் சம்மில் வருகிற சியூ மாய் வேறு. அது திறந்த வாய் கொண்ட சின்னக் கொழுக்கட்டை. பெயர் ஒரே மாதிரி காதில் விழுவதால் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் கேட்டு இன்னொன்றைத் தேடுவார்கள். சியூ மேய் கடையில் நீங்கள் பார்க்கப்போவது முக்கியமாக ஐந்தாறு சங்கதிகள்: சார் சியூ என்ற இனிப்புப் பூச்சுப் பன்றிக்கறி, சியூ யுக் என்ற மொறுமொறு தோல் பன்றி, சியூ ஙோ என்ற கூஸ் (வாத்தைவிடப் பெரிய வாத்தினப் பறவை) வறுவல், சியூ ஆப் என்ற வாத்து, சோயா சாற்றில் வெந்த கோழி, வெறும் நீரில் பக்குவமாக வெந்த வெள்ளைக் கோழி. கடைசி இரண்டும் வறுத்தவை அல்ல, ஆனாலும் அதே கண்ணாடிக்குள்தான் தொங்கும்.

கான்டனீஸில் கூஸ் என்றால் 'ஙோ', மாடு என்றால் 'ஙாவ்'. நம் அரிச்சுவடியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற 'ங' வரிசைக்கு இந்த ஊரில்தான் முழுநேர வேலை. ஐரோப்பியர்கள் இந்த ஒலிக்குத் திணறும்போது நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகலாம். அம்மாவுக்காக நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் 'ஙாவ்'. அது காதில் விழுந்தால் மாடு.

சார் சியூ என்ற பெயரில் 'சார்' என்பது முள்கரண்டி போன்ற கம்பி. பன்றியின் கழுத்து, தோள் பகுதியை நீளத் துண்டுகளாக வெட்டி, சோயா சாறு, சர்க்கரை, ஐந்து மசாலாப் பொடி, பல கடைகளில் சிவந்த புளித்த டோஃபுவும் சேர்த்து ஊறவைத்து, கம்பியில் குத்தி அடுப்பில் தொங்கவிடுவார்கள். வெந்ததும் மால்ட்டோஸ் பாகு பூசி மறுபடி தீ காட்டுவார்கள். அந்தப் பாகு ஓரங்களில் கருகிக் கசப்பும் இனிப்புமாக நிற்கிற இடம்தான் அதன் உயிர். கேட்கத் தெரிந்தவர்கள் "புன் ஃபேய் சாவ்" என்பார்கள்: பாதி கொழுப்பு, பாதி சதை. அதைச் சொல்லாவிட்டால், வெளிநாட்டுக்காரர் கொழுப்பு சாப்பிட மாட்டார் என்று கடைக்காரர் தானாக முடிவுசெய்து, வறண்ட சதைப் பகுதியை வெட்டித் தந்துவிடுவார். நல்ல எண்ணம்தான். நஷ்டம் உங்களுக்கு.

இந்தக் கறி அவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு ஊறியது என்பதற்கு ஒரு வசவு போதும். சொன்னபேச்சுக் கேட்காத பிள்ளையைத் தாய் திட்டும்போது, "உன்னைப் பெற்றதற்கு ஒரு துண்டு சார் சியூ பெற்றிருக்கலாம்" என்பார். நம் வீட்டில் அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் வருகிற இடத்தில் அங்கே சார் சியூ வருகிறது. குறைந்தது அதையாவது சாப்பிட்டிருக்கலாம் என்பது உள்பொருள்.

சியூ யுக் விஷயத்தில்தான் நேரம் கறாராக வேலை செய்யும். பன்றியின் வயிற்றுப் பகுதியை எடுத்து, சதைப்பக்கம் மசாலாவும் உப்பும் தடவி, தோலை ஊசிக் கட்டையால் ஆயிரம் குத்து குத்தி, உலரவைத்து, கடுந்தீயில் வறுப்பார்கள். குத்திய துளைகள் வழியாகக் கொழுப்பு பொங்கித் தோல் முழுக்கக் குமிழ் குமிழாகப் பொரியும். கருகிய மேல்பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அடுப்பிலிருந்து இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் பல் பட்டதும் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். ஹாங்காங்கின் ஈரக்காற்றில் அந்தத் தோல் ரொம்ப நேரம் தாங்காது. மாலைக்குள் பதத்துப்போகும். தொட்டுக்கொள்ள மஞ்சள் கடுகு விழுது தருவார்கள். சில இடங்களில் வெறும் சர்க்கரை. சர்க்கரையா என்று முகம் சுளிக்காமல் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

முழுப் பன்றி வறுவலுக்குச் சடங்கிலும் இடமுண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங் நாளன்று முன்னோர் கல்லறைக்குப் 'பொன் பன்றி'யைத் தூக்கிக்கொண்டு போகிற குடும்பங்களைப் பார்க்கலாம். படைத்துவிட்டு அங்கேயே வெட்டிப் பங்கு போடுவார்கள். புதுக் கடை திறப்பு, சினிமாப் படப்பிடிப்புத் தொடக்கம் இவற்றுக்கும் பன்றி வெட்டுதான். நம்மூரில் பூசணிக்காய் உடைக்கிற இடம் அது.

இப்போது கூஸ். பெரும்பாலான பயணிகள் இதற்காகத்தான் வருகிறார்கள். வயிற்றுக்குள் மசாலா நிரப்பித் தைத்து, தோலுக்கும் சதைக்கும் இடையே காற்று ஊதிப் பிரித்து, வெந்நீர் ஊற்றித் தோலை இறுக்கி, வினிகரும் மால்ட்டோஸும் கலந்த நீர் பூசி, மணிக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டு, அதற்கப்புறம்தான் அடுப்பு. காற்று ஊதுவது அலங்காரத்துக்கு அல்ல. தோல் சதையோடு ஒட்டாமல் இருந்தால்தான் கீழே இருக்கிற கொழுப்பு உருகி வழிந்து, தோல் கண்ணாடிபோல் மொறுமொறுக்கும். வயிற்றுக்குள் இருக்கிற மசாலா, சதையிலிருந்து இறங்குகிற சாற்றோடு கலந்து ஒரு குழம்பாகிவிடும். வெட்டும்போது முதலில் அதை ஒரு பாத்திரத்தில் வடித்து வைத்துக்கொள்வார்கள். உங்கள் சோற்றில் கரண்டியால் ஊற்றுகிற பழுப்புச் சாறு பெரும்பாலும் அதுதான்.

வாங்கும்போது பறவையை எப்படிப் பிரித்து விற்கிறார்கள் என்று தெரிந்தால் நல்லது. மேல் கால்பாகம் 'சியுங் ஜோங்', அதில் நெஞ்சும் இறக்கையும் வரும். கீழ்க் கால்பாகம் 'ஹா ஜோங்', அதில் கால் வரும், விலையும் கூட. மூன்று பேருக்குக் கீழ்க் கால்பாகம் ஒன்று, கூடச் சோறு, கீரை என்றால் கணக்காக இருக்கும். இடது கால்தான் மென்மை என்று சத்தியம் செய்து கேட்கிற பெரியவர்கள் உண்டு. கூஸ் வலது காலில் நின்று தூங்குமாம், அதனால் இடது கால் உழைக்காத காலாம். எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆனால் கேட்டுப் பார்த்தால் கடைக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அதற்காகவே கேட்கலாம். தொட்டுக்கொள்ளப் புளிப்பு பிளம் சாறு. கொழுப்புக்கு அந்தப் புளிப்பு வேண்டும், ஒதுக்கிவிடாதீர்கள்.

பெயர் கேட்டீர்களே. சென்ட்ரலில் வெலிங்டன் தெருவில் இருக்கிற யுங் கீ 1942-இல் தொடங்கியது. அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை 2014-இல் வான் சாய்யில் திறந்தது கேம்ஸ் ரோஸ்ட் கூஸ். ஸ்டான்லி தெருவில் யாட் லோக். கடைசி இரண்டும் மிச்செலின் நட்சத்திரம் வாங்கியவை, இரண்டிலும் இடம் குறுகல், வரிசை நீளம். போவதென்றால் திறக்கிற நேரத்துக்கே போய் நில்லுங்கள். ஒரு மாலை ஊருக்கு வெளியே போக மனம் இருந்தால், சிங் மா பாலம் தெரிகிற ஷாம் செங் இருக்கிறது. கூஸ் வறுவலுக்கென்றே பேர்போன கடலோர ஊர் அது. சுன் வான் பக்கமிருந்து பஸ்ஸில் போகலாம். குடும்பத்தோடு வட்ட மேசையில் உட்கார்ந்து அரைப் பறவையைச் சாவகாசமாகச் சாப்பிட அந்த ஊர்தான் சரி.

ஆனால் இது எதுவும் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. நீங்கள் தங்குகிற இடம் யாவ் மா டேய், ஷாம் ஷுய் போ, நார்த் பாயின்ட் எதுவாக இருந்தாலும் ஐந்து நிமிட நடையில் ஒரு சியூ மேய் கடை இருக்கும். காலை பத்தே முக்கால் வாக்கில் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கொக்கிகள் காலியாக இருந்து, உள்ளேயிருந்து ஒருவர் புகை பறக்கிற பன்றிப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தால், கடை அதுதான். பல கடைகளில் மதியத்துக்கு முன்னால் ஒரு சுற்று, மாலை நாலு, ஐந்து மணிக்கு இன்னொரு சுற்று வரும். அடுப்பிலிருந்து இறங்கும் நேரத்தைச் சில கடைகள் தாளில் எழுதியே ஒட்டியிருக்கும். மாலைச் சுற்று ஏன் என்றால், வேலை முடிந்து போகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வாங்கிப்போக. அதற்கு 'ஜாம் லியூ' என்று தனிப்பெயரே உண்டு, வெட்டி வாங்குவது என்று சொல்லலாம். வீட்டில் சோறும் கீரையும் ரசமாதிரி ஒரு சூப்பும் தயாராக இருக்கும். இங்கே அரை 'கன்' சார் சியூ வெட்டி வாங்கிப் போனால் சாப்பாடு விருந்தாகிவிடும். ஒரு கன் 600 கிராமுக்குச் சற்று மேல்.

மாலை ஐந்தரைக்கு அந்த வரிசையில் நின்று வெட்டுகிறவரைப் பாருங்கள். மரத்தை அப்படியே குறுக்கே அறுத்தாற்போன்ற வட்டக் கட்டை, நடுவில் பல வருட வெட்டில் குழி விழுந்திருக்கும். கையில் அகலக் கத்தி. பறவையைக் கொக்கியிலிருந்து இறக்கி, சாற்றை வடித்து, நீளவாக்கில் ஒரே வெட்டு. கால்பாகத்தை விரல் அகலத் துண்டுகளாக டக் டக் டக் என்று பத்து நொடியில் முடித்து, கத்தியின் தட்டைப் பக்கத்தால் மொத்தத்தையும் அள்ளி, வடிவம் கலையாமல் பெட்டியில் சரிப்பார். எலும்போடுதான் வெட்டுவார்கள். சின்னச் சில்லுகள் வரும், அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். எலும்பைத் தட்டின் ஓரத்திலோ மேசைத்தாளிலோ துப்புவதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை.

தனியாகச் சாப்பிட எளிய வழி சோற்றுத் தட்டு. 'சார் சியூ ஃபான்' என்றால் சார் சியூ சோறு. இரண்டு வகை வேண்டுமென்றால் 'சியுங் பிங்': சார் சியூவும் கோழியும், கூஸும் சியூ யுக்கும் என்று எப்படியும் சேர்க்கலாம். உப்பில் ஊறிய வாத்து முட்டை பாதி வேண்டுமென்றால் 'ஹாம் டான்'. கூடவே நாலு தண்டு கீரை வரும். சாதாரணக் கடையில் 50 முதல் 70 ஹாங்காங் டாலர் வரை ஆகலாம்; கூஸ் என்றால் கூடும். ஒரு டாலர் சுமார் 11 ரூபாய். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்காரவைப்பார்கள். பேச வேண்டியதில்லை, தலையசைத்தால் போதும். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும். அது நாகரிகம் என்பதைவிட, பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

டிசம்பரில் போவதால் ஒரு கூடுதல் லாபம். குளிர்காற்று தொடங்கினால் 'லாப் மேய்' காலம்: உலர்த்திய பன்றிச் சாஸேஜ், ஈரல் சாஸேஜ், உலர்வாத்து எல்லாம் அதே கடைகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கும். மண்சட்டிச் சோற்றின் மேல் வைத்து வேகவைத்துத் தருவார்கள். சட்டியின் அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டி எடுக்க மறக்காதீர்கள்.

வெள்ளைக் கோழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எலும்புக்குப் பக்கத்தில் லேசான சிவப்பு இருக்கும். வேகவில்லை என்று பயந்து திருப்பி அனுப்பாதீர்கள், அவர்கள் பக்குவம் அது. கொதிக்கவிடாமல் மிதமான சூட்டில் வேகவைத்துக் குளிர்நீரில் அமிழ்த்துவார்கள், தோலுக்கும் சதைக்கும் இடையே சாறு கூழாக உறைந்திருக்கும். அம்மாவுக்கு அது ஒத்துவராது என்று நினைத்தால் சோயாக் கோழி, 'சி யாவ் காய்'. அதோடு இஞ்சியும் வெங்காயத்தாளும் நசுக்கிச் சூடான எண்ணெய் ஊற்றிய தொகையல் கேளுங்கள். அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் அம்மா ஊர் நினைப்பை மறப்பார். ஒன்றை மறைக்கக் கூடாது: எல்லாக் கறியும் ஒரே கட்டையில் ஒரே கத்தியில்தான் வெட்டுவார்கள். அம்மாவுக்கு அது பெரிய விஷயம் என்றால் இந்தக் கடைகளே வேண்டாம். அவருக்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இனி டிம் சம். இதை ஊர்க்காரர்கள் 'டிம் சம் சாப்பிடப் போகிறேன்' என்று சொல்வதில்லை. 'யம் சா' என்பார்கள், தேநீர் குடிக்க. பழைய கணக்கு, ஒரு குவளை தேநீருக்கு இரண்டு பலகாரம். உட்கார்ந்ததும் பணியாளர் கேட்கிற முதல் கேள்வி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதல்ல, என்ன தேநீர் என்பது. இதற்குப் பதில் இல்லாமல் விழிப்பதுதான் பயணிகள் செய்கிற முதல் தவறு. 'போ லேய்' என்று சொல்லிவிடுங்கள். கறுத்த, மண்வாசம் கொண்ட, புளிக்கவைத்த தேயிலை, கொழுப்புச் சாப்பாட்டுக்கு ஏற்றது. அம்மாவுக்கு அது கஷாயம் மாதிரி இருந்தால் 'ஹியுங் பின்', மல்லிகை மணக்கும். இரண்டுக்கும் நடுவில் 'குக் போ', போ லேய்யில் செவ்வந்திப்பூ போட்டது. என் விருப்பம் அதுதான். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் பில்லில் வரும். மேசையில் கேட்காமலே வைக்கிற வேர்க்கடலைக்கும் சில இடங்களில் காசு உண்டு. ஏமாற்று இல்லை, வழக்கம் அப்படி.

முதல் வடிநீரைக் குடிக்காமல், அதைக்கொண்டு கிண்ணம், குவளை, குச்சிகளை அலசிப் பக்கத்தில் இருக்கிற பெரிய பாத்திரத்தில் கொட்டுவார்கள். பாத்திரம் அழுக்கு என்பதால் அல்ல; பழக்கம். வாழை இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்தவர் உங்களுக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெதுவாகத் தட்டுங்கள், அது நன்றி. மாறுவேடத்தில் போன சியென்லுங் பேரரசர் தன் சேவகனுக்குத் தேநீர் ஊற்ற, விழுந்து வணங்க முடியாத சேவகன் விரலை மண்டியிடவைத்தான் என்று கதை. வாய் நிறையச் சாப்பாடு இருக்கும்போது பேச வேண்டாம் என்பது அதன் வசதி. கெண்டியில் வெந்நீர் தீர்ந்தால் கூப்பிட வேண்டாம், மூடியைச் சாய்த்துவையுங்கள். வந்து நிரப்புவார்கள்.

நேரம் இங்கேயும் முக்கியம். யம் சா காலைக்கும் மதியத்துக்கும் உரியது. பெரியவர்கள் ஏழு மணிக்கே செய்தித்தாளோடு வந்துவிடுவார்கள். கென்னடி டவுனில் இருக்கிற சன் ஹிங் விடியற்காலை மூன்று மணிக்குத் திறக்கிற கடை என்றே பெயர் வாங்கியது. ஞாயிறு பதினொன்றிலிருந்து இரண்டு வரை எல்லா இடமும் குடும்பக் கூட்டம். வார நாளில் ஒன்பது, ஒன்பதரைக்குப் போங்கள். இரண்டு மணிக்கு மேல் பல உணவகங்களில் விலையும் குறையும், ஆனால் வகைகள் தீர்ந்திருக்கும். இரவில் டிம் சம் தருகிற கடைகளும் இப்போது நிறைய. தரட்டும். எனக்கு அது மாலையில் பொங்கல் சாப்பிடுகிற மாதிரி.

தள்ளுவண்டியில் கூடைகளை உருட்டி வருகிற காட்சிக்கு ஆசைப்படுவீர்கள், அது குறைந்துபோனது. சிட்டி ஹாலில் இருக்கிற மேக்ஸிம்ஸ் பேலஸில் இன்னும் உண்டு, துறைமுகம் பார்த்த பெரிய மண்டபம், அம்மாவுக்கு வசதியான நாற்காலி. ஆனால் வண்டி என்றால் பலகாரம் சுற்றிச் சுற்றி ஆறும். ஆர்டர் செய்தபின் ஆவியில் வைக்கிற கடையில்தான் ருசி. அங்கே ஒரு தாளும் பென்சிலும் தருவார்கள், வேண்டியதற்கு நேரே எண் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத் தாள் கேட்டால் பெரும்பாலும் இருக்கும், இல்லாவிட்டால் போன் கேமரா. விலை சிறிது, நடு, பெரிது, சிறப்பு என்று தரவாரியாக இருக்கும். மூன்று பேருக்கு ஆரம்பத்தில் நான்கு கூடை போதும். முடிந்தபின் மறுபடி எழுதலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிட்டால் மேசை நிறைந்து, கடைசிக் கூடை ஆறிப்போகும்.

ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. ஹார் காவ், சியூ மாய் எல்லாம் கூடைக்கு நான்கு. பாவ் என்ற உள்ளீடு வைத்த பன் வகைகள் பொதுவாக மூன்று. மூவராகப் போனால் பாவ் தகராறில்லாமல் தீரும். ஹார் காவில் நான்காவது யாருக்கு என்பதை வீட்டிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஹார் காவை வைத்துத்தான் சமையற்காரரை எடை போடுவார்கள். குவாங்சோ பக்கம் பிறந்த இறால் கொழுக்கட்டை இது. நம் கொழுக்கட்டைக்கு அரிசிமாவு. இங்கே பசையம் நீக்கிய கோதுமை மாச்சத்து. கொதிக்கிற நீர் ஊற்றிப் பிசைந்து, உருட்டுக்கட்டை இல்லாமல், எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரு அழுத்து, ஒரு சுழற்று. வட்டமாக, ஒளி ஊடுருவுகிற மெல்லிய தோல் கிடைக்கும். உள்ளே இறாலை வைத்து ஒரு பக்கம் மட்டும் மடிப்பு பிடிப்பார்கள், ஏழுக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் இருந்தால் கைதேர்ந்தவர். வந்ததும் உடனே பார்க்க வேண்டியது மூன்று: இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரிகிறதா, குச்சியால் தூக்கும்போது அடியில் ஒட்டிக் கிழிகிறதா, கடித்தால் இறால் 'சடக்' என்கிறதா. அந்தச் சடக்குக்காகவே இறாலை ஓடும் குளிர்நீரில் நெடுநேரம் அலசுவார்கள். ஐந்து நிமிடம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் தோல் இறுகிப்போகும். முதலில் வாய், பிறகு கேமரா.

சியுங் ஃபன் உங்களுக்குப் பழைய நண்பர் மாதிரி இருக்கும். அரிசிமாவைத் துணிமேல் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வைத்து, உரித்தெடுத்துச் சுருட்டுவது. நம் இட்லித்துணியும் அவர்கள் துணியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உள்ளே இறால், சார் சியூ, அல்லது பொரித்த மாவுக்குச்சி. இந்தக் கடைசி வகைக்கு 'ஜா லியுங்' என்று பெயர், வெளியே வழுக்கல், உள்ளே மொறுமொறு. தெருக்கடையில் உள்ளீடு இல்லாத சின்னச் சுருள்களை எள் விழுதும் இனிப்புச் சாறும் மிளகாய்ச் சாறும் ஊற்றித் தருவார்கள். ஷாம் ஷுய் போவில் நின்றுகொண்டே சாப்பிடலாம்.

சார் சியூ பாவ், மேலே நான் சொன்ன கறியே மறுபிறவி எடுக்கிற இடம். தலை மூன்றாகப் பிளந்து சிரிக்க வேண்டும். முள்ளங்கி அரைத்த 'லோ பாக் கோ' பொரித்துத் தருவது அருமை, ஆனால் உள்ளே உலர்ந்த இறாலும் பன்றிச் சாஸேஜும் இருக்கும். கோழிக்கால் 'ஃபுங் ஜாவ்' பார்க்கப் பயமுறுத்தும். பொரித்து, ஊறவைத்து, கறுப்பு அவரை விழுதில் ஆவி காட்டியது. சதை கிடையாது, தோலும் ஜவ்வும்தான். ஆட்டுக்கால் பாயா சாப்பிடுகிற ஊரில் பிறந்துவிட்டு இதற்குப் பயப்பட என்ன இருக்கிறது? இனிப்புக்கு 'லாவ் சா பாவ்', உப்பு முட்டை மஞ்சட்கரு உருகி வழிகிற பன். ஓரத்தைக் கிள்ளி ஆவியை விட்டுவிட்டுக் கடியுங்கள். நேராகக் கடித்து நாக்கையும் சட்டையையும் சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன். 'மா லாய் கோ' என்ற பஞ்சுபோன்ற ஆவிக் கேக்கின் பெயருக்கே மலாய்க் கேக் என்றுதான் பொருள். சியூ மாய், டாரோ வடை, முட்டை டார்ட் எல்லாம் தானாக உங்களிடம் வந்து சேரும்.

இப்போது அம்மா. நேராகச் சொல்கிறேன், சாதாரண டிம் சம் கடை அவருக்குக் கண்ணிவெடி நிறைந்த இடம். சியூ மாய்யில் பன்றி. ஹார் காவில் இறால்தானே என்றால், சாறுக்காகப் பன்றிக்கொழுப்பைப் பொடியாகச் சேர்ப்பது பழைய முறை. தாமரையிலையில் வருகிற கோழிச் சோற்றிலும் பன்றி இருக்கும். அவருக்குச் சரியான இடம் வான் சாய்யில் ஓய் குவான் சாலையில் இருக்கிற அம்மார் மசூதி. ஐந்தாவது மாடியில் இஸ்லாமிக் சென்டர் கேன்டீன், ஹலால் டிம் சம், பன்றியின் நிழல்கூட இல்லை. சீன முஸ்லிம்கள், இந்தோனேசியப் பெண்கள், அலுவலகக்காரர்கள் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே மாடு உண்டு. அதற்குத்தான் அந்த 'ஙாவ்'. அதை மட்டும் தவிர்த்துவிட்டு இறால், கோழி வகைகளை நிம்மதியாகச் சாப்பிடலாம். மதிய வேளையில் போங்கள்; வெள்ளிக்கிழமை தொழுகை நேரக் கூட்டத்தைத் தவிருங்கள்.

சுத்த சைவம் வேண்டிய நாளில் ஹாங்காங் பூங்காவுக்குள், தேநீர்க்கலன் அருங்காட்சியகத்தை ஒட்டி இருக்கிற லாக் சா தேநீரகம். டிம் சம் எல்லாம் சைவம், தேநீரும் அங்கேதான் உயர்வு. மற்ற இடங்களில் "ஙோ சிக் ஜாய்" என்று சொல்லலாம், நான் சைவம் என்று பொருள். ஜாய் என்பது பௌத்தச் சைவம் என்பதால் வெங்காயம், பூண்டுகூட விலக்கிவிடுவார்கள்.

காரம் போதாது என்று இரண்டாம் நாளே தோன்றும். மிளகாய் எண்ணெய் கேட்டால் தருவார்கள், 'லாட் ஜியூ யாவ்'. கேளுங்கள், தப்பில்லை. முதல் துண்டை மட்டும் அதில் முக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஊறுகாய்ப் பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் திறக்க வேண்டாம், அறையிலேயே இருக்கட்டும்.

நான்கு நாளுக்கு என் கணக்கு: வந்த அன்று மாலை ஐந்தரைக்குத் தெருமுனைக் கடையில் சார் சியூவும் சோயாக் கோழியும் வெட்டி வாங்கி அறையில் சாப்பிடுங்கள், களைப்புக்கு அது போதும். இரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்கு யம் சா. அதற்குமேல் இரவுவரை பசிக்காது. மூன்றாம் நாள் மதியம் அம்மாவுக்காக வான் சாய், மாலை ஷாம் செங்கில் கூஸ். கிளம்புகிற நாள் விமானம் மாலையில் என்றால், பெட்டியைக் கட்டி ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு, பதினொன்றரைக்கு நீங்கள் மட்டும் கீழே இறங்குங்கள். சியூ யுக் சோறு, கடுகு கொஞ்சம் கூட, எலுமிச்சைத் துண்டு போட்ட ஐஸ் தேநீர் ஒன்று. "டோங் லிங் சா" என்று கேளுங்கள். குளிர்பானத்துக்கு இரண்டு மூன்று டாலர் கூடப் போடுவார்கள்.